நான்காவது முள்

மூன்று. மறுபடியும் எண்ணுகிறேன், மூன்றேதான். முதல் முள் குட்டை, இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் நீளம், மூன்றாவது உள்பக்கமாக வளைந்து நுனியில் நிற்கிறது, அதோடு கால் முடிந்துவிடுகிறது, முடிந்துவிட வேண்டும், ஆனால் மைக்ராஸ்கோப்பின் திருகை ஒரு மயிரிழை இறக்கினால் அந்தக் காலுக்குள்ளேயே, தோலுக்கு அடியில், இன்னொரு கால் இருக்கிறது, சட்டைக் கைக்குள் இருக்கிற கை மாதிரி. அந்தக் காலில் நான்கு. திருகை ஏற்றினால் மூன்று, இறக்கினால் நான்கு. ஏற்றுகிறேன், இறக்குகிறேன், இப்படியே திருகிக்கொண்டிருந்தால் நான்காவது சலித்துப்போய் எழுந்து போய்விடும் என்பதுபோல. முள் எங்கே போகும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மீன் பேன், சூரை மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதன் நாலாவது காலின் நுனியில் எத்தனை முள் என்பது இந்த உலகத்தில் யாருக்கு வேண்டும், இந்தத் தூத்துக்குடியில் இந்த நிமிஷத்தில் யாருக்கு வேண்டும். எனக்கு வேண்டும். வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷனுக்கு வேண்டும். அவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேனே, அவசரக்குடுக்கை, சின்ன லென்ஸில் பார்த்த கையோடு போனை எடுத்துவிட்டேன். "கிடைச்சிருச்சுங்க. நம்மது. மூணு முள்ளு." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நெசமாவா பிரிசி? நெசமாத்தான் சொல்லுதியா?" அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "அமிலத்துல போட்டு நல்லாத் தெளிய விடு. பெறகு பெரிய லென்ஸ்ல பாரு. மத்தியானச் செய்தி முடிஞ்சதும் நான் கூப்பிடுதேன்" என்றார். போட்டேன். ஒரு சொட்டு லாக்டிக் அமிலத்தில் பேன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து கண்ணாடியாகிவிட்டது, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. தெளியாமலே இருந்திருக்கலாம்.

இந்த மேஜை அவருடையது. தனிஸ்லாஸ், மீன் ஒட்டுண்ணிப் பிரிவு. நாற்காலியில் இருக்கிற பள்ளம்கூட அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தது, அதில் நான் பொருந்தவே மாட்டேன், ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்காருகிறேன். நான் பக்கத்து மேஜைக்காரி, மீனின் குடல் புழுக்கள் என் பங்கு, செவுள் பேன்கள் அவர் பங்கு, கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குள் பிரித்துக்கொண்ட சொத்து அவ்வளவுதான். பிறகு சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறியது. முதலில் பெரிய லென்ஸில் தெரியவில்லை, பிறகு பேப்பர் தெரியவில்லை, பிறகு நான் தெரியவில்லை. சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார், பேன்களும் என் தலையில் விழுந்தன. ஆழ்கடலுக்குப் போன சூரைப் படகுகள் திரும்புகிற நாட்களில் துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவர்கள் செவுள்களை ஒரு வாளியில் எனக்கென்று ஒதுக்கிப் போடுவார்கள், நான் அவற்றை இங்கே கொண்டுவந்து இதழ் இதழாகப் பிரித்துப் பார்ப்பேன், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார், "பாத்தியா?" பார்த்தேன், இல்லை. "சரி, அடுத்த படகுல வரும்." எது வரும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டில் அதற்கு 'நம்மது' என்று பேர். அவர் கண்டுபிடித்த இனம். ஒரே ஒரு வரிச்சூரையின் செவுளில் இரண்டே இரண்டு பேன்கள், நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேர் வைத்துவிட்டுப் போன பழைய இனத்தைப் போலவே எல்லாம், ஆனால் அதற்கு நாலாவது காலில் நான்கு முள், இதற்கு மூன்று. மூன்று என்றால் வேறு இனம். வேறு இனம் என்றால் புதுப் பேர். எங்கள் பிள்ளை அமலியின் பேரை வைத்தார். அமலி போய் அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அது யாருக்கும் கிடைக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரே ஒரு தடவை மட்டும் கிடைத்த இனம் என்றால் சண்டைக்கெல்லாம் வரமாட்டார்கள், மரியாதையாகப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கேள்விக்குறிதான் அவரை அரிக்கிறது. இன்னொன்று கிடைத்தால் போதும், ஒன்றே ஒன்று, கேள்விக்குறி விழுந்துவிடும், அமலியின் பேர் நின்றுவிடும், நாங்கள் இரண்டு பேரும் போன பிறகும் யாராவது ஒருத்தர் எங்கோ ஒரு ஊரில் ஒரு சூரையின் செவுளைப் பிரித்து அந்தப் பேரைச் சொல்லவேண்டி வரும். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயங்களைத்தான் நாங்கள் அதிகம் வைத்திருக்கிறோம். இன்றைக்குக் காலையில் வந்த மஞ்சள் சூரை நல்ல பெரிய மீன், செவுள் கருஞ்சிவப்பாக, பனிக்கட்டி ஏறிக் கெட்டியாக இருந்தது, கொஞ்சம் இளகட்டும் என்று வைத்துவிட்டு நான் இடியாப்பம் சாப்பிட்டேன், ஒரு கையில் மீன் வாசம் இருக்கும்போதே மறு கையால் சாப்பிடப் பழகி வெகுகாலம் ஆகிறது. இந்த வாசம் அமலிக்குப் பிடிக்காது. கிட்ட வராதே, நீ சூரை நாறுதே, அப்பா நாறலை. அவரும்தான் நாறினார். பிள்ளைக்கு அப்பா நாறமாட்டார்.

செவுளைப் பிரிப்பது பேன் பார்ப்பது மாதிரிதான், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் விஞ்ஞானத்தைக் கேலி செய்கிறாள் என்பார்கள். இடது கை விரலால் ஒதுக்கி, வலது கை ஊசியால் வகிடு எடுத்து, ஒதுக்கி, வகிடு எடுத்து, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திருப்பி. அவள் தலை என் மடியில் கிடக்கும், கழுத்தை அப்படி ஒடித்துக்கொண்டு கிடப்பாள், சுருட்டை முடி, பேனுக்கு அரண்மனை. அங்கன்வாடியிலிருந்து தினமும் புதுசாக ஏற்றிக்கொண்டு வருவாள். எத்தனைம்மா, எத்தனை ஆச்சு, என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், கூட்டிச் சொன்னால் பெருமை, ஏதோ பரிசு வாங்கியதுபோல அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லுவாள், அவர் உடனே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஆணா பொண்ணா?" என்று கேட்பார், அவள் திரும்பி என்னிடம் ஓடிவருவாள், "அம்மா, ஆணா பொண்ணா?" நகத்தில் நசுக்கியாயிற்று, ஆணாவது பொண்ணாவது. ஆஸ்பத்திரியில் மொட்டை அடித்துவிட்டார்கள். மூளைக் காய்ச்சல், தலையில் ஊசி போட நரம்பு வேண்டும் என்றார்கள். சுருட்டை சுருட்டையாகப் பேப்பரில் விழுந்தது, அதில் பேன் ஓடியது. உயிரோடு ஓடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குச் சூடு வேண்டும், தலையை விட்டு வந்தபிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், அப்போது போய் அந்தக் கணக்கு மனதில் ஓடியது. நான் என்ன மாதிரி பொம்பளை என்று அன்றைக்கு நினைத்தேன். பேன்சீப்பு இன்னும் பீரோவில் கிடக்கிறது.

ஏற்றினால் மூன்று. இறக்கினால் நான்கு. கண்ணில் பூச்சி பறக்கிறது, எனக்கும் சர்க்கரை வந்துவிட்டதோ என்று தினமும் ஒரு பயம், என் கண்ணும் போய்விட்டால் வீட்டில் இரண்டு பேரும் கைகளால் தடவிக்கொண்டு திரிய வேண்டியதுதான். "மேடம், டீ ஆறுது." இசக்கியம்மாள். அவள் இந்த அறைக்கு உதவியாள், அவர் காலத்திலிருந்தே இருக்கிறாள், அவருக்கு இரண்டு சர்க்கரை போட்டுக் கொடுத்த கை அவளுடையதுதான் என்று அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு, எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாள். "வச்சிட்டுப் போ." "காலையில வைச்ச டீயும் அப்பிடியே இருக்கு. ஆடை கட்டிட்டு." போகாமல் நிற்கிறாள். "ஐயாகிட்ட பேசுனியளா? காலையில எம்புட்டுச் சத்தமாச் சிரிச்சிய. நான் வராண்டாவுல நின்னுக்கிட்டு என்னமோ நல்ல சேதின்னு நெனச்சேன். பாப்பா பேருல இருக்கே, அதுதானே கெடைச்சிருக்கு?" ஆமாம் என்றால் பொய், இல்லை என்றாலும் பொய். "பாத்துக்கிட்டு இருக்கேன் இசக்கி." "கெடைக்கட்டும். மாதா புண்ணியத்துல கெடைக்கட்டும்" என்கிறாள், அவளுக்கு மாதா கிடையாது, எனக்காக என் சாமியைக் கூப்பிடுகிறாள். அவள் போன பிறகும் டீயின் ஆவியில் லென்ஸ் மங்குகிறது. மங்கட்டும். ஒரு நிமிஷம் மங்கி இருக்கட்டும்.

என்னென்ன செய்யலாம். இரண்டு ஊசிகள் இருக்கின்றன. மேல் தோல் ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது, முதுகு ஓரத்தில் கீறல் விட்டிருக்கிறது, ஊசி நுனியை அதில் நுழைத்து மெதுவாக இழுத்தால் முழுசாகக் கழன்று வந்துவிடும், எனக்குக் கை நடுங்காது. தோலை ஒரு ஸ்லைடில் வைத்து மூடினால் மூன்று முள். உள்ளே இருக்கிறதை வேறொரு புட்டியில் போட்டால் நான்கு முள், பழைய இனம், தெருவுக்குப் பத்து கிடைக்கிற இனம். ஒரு பேன் இரண்டு பேனாகிவிடும். யார் வந்து கேட்கப்போகிறார்கள். அவர் தடவிப் பார்க்கவா போகிறார். இல்லையென்றால் இந்தக் கண்ணாடிக் கிண்ணத்தோடு தொட்டியில் சாய்த்துக் குழாயைத் திறந்துவிட்டால் போதும், ஐயோ கை தவறிப்போச்சுங்க, தெளிய விடும்போது தவறிப்போச்சு, அவர் திட்டுவார், இரண்டு நாள் பேசமாட்டார், பிறகு அடுத்த படகுல வரும் என்பார், அப்படியே இருந்துவிடலாம், அடுத்த படகு அடுத்த படகு என்று கடைசிவரை இருந்துவிடலாம், எத்தனையோ பேர் அப்படித்தானே இருக்கிறார்கள். அதுவும் வேண்டாமென்றால் வாயால் சொன்னால் போதும். மூணுதாங்க. ஒரே வார்த்தை. ஆனால் கண் போனபிறகு அவர் காது நாய்க்காது. நான் சோற்றில் உப்பைக் குறைத்ததை ருசியில் கண்டுபிடிக்கமாட்டார், "நல்லாயிருக்கா?" என்று நான் கேட்கிற குரலில் கண்டுபிடித்துவிடுவார். இந்த மைக்ராஸ்கோப்பில் நான் இந்தப் பேனைப் பார்க்கிற மாதிரித்தான் அவர் என் குரலைப் பார்க்கிறார், ஏற்றி, இறக்கி, மேலே எத்தனை, உள்ளே எத்தனை என்று. அவரிடம் பொய் சொல்லிவிட்டு அந்த வீட்டில் நான் எப்படிப் பேசிக்கொண்டு திரிவேன். ஊமையாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு அந்தப் பேர் வைத்தது பிடிக்கவில்லை. இதையும் அவரிடம் சொன்னதில்லை. என் அக்கா லூர்து நேராகவே கேட்டாள், "பூவுக்கு வைப்பாவ, கப்பலுக்கு வைப்பாவ, பேனுக்கா வைப்பாவ பிள்ள பேர?" அதற்கு அவர் ராத்திரி என்னிடம் சொன்னார், "எனக்குப் பேனுதான் தெரியும் பிரிசி, பூவு தெரியாது." அடக்கம் முடிந்த மறுவாரமே அவர் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார், காலையில் வந்தால் வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கிறவரை, செவுள் செவுளாக, கணக்கில்லாமல், எனக்கு வயிற்றெரிச்சல், வீட்டில் நான் ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன், இவருக்குச் சூரை மீன் பெரிசாகப் போய்விட்டதே என்று. பிறகு ஒருநாள் வந்து அந்தப் படத்தைக் காட்டினார். அவரே வரைந்தது, கறுப்பு மையில், புள்ளி புள்ளியாக நிழல் வைத்து, நெற்றியில் இரண்டு பிறை, கேடயம் மாதிரி முதுகு, சிறுத்த இடுப்பு, ஓரத்தில் தனியாகப் பெரிசு பண்ணி வரைந்த அந்த நாலாவது கால். அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே அமலியின் பேர். அதைப் பார்த்துத்தான் நான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன், அதுவரை எனக்கு அழுகையே வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேரைத் தனியாகச் சொல்வது நின்றுபோயிற்று. எப்படி நின்றது என்று தெரியவில்லை, யாரும் தீர்மானம் போடவில்லை. சுவரில் இருந்த போட்டோவை வெள்ளையடிக்கக் கழற்றினோம், திரும்ப மாட்டவில்லை, பீரோவில் பேன்சீப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'நம்மது' என்று மட்டும் சொன்னோம். நம்மது கிடைச்சுதா. நம்மதுக்குக் கேள்விக்குறி போட்டுட்டாங்க. பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொள்ள எங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது, அந்த ஒன்றைத்தான் இப்போது நான் ஊசியால் குத்தப்போகிறேன்.

வளர்ந்த பெண் பேன் என்றால் பின்னால் இரண்டு முட்டைச்சரம் தொங்க வேண்டும், அவள் உடம்பைவிட நீளமாக. ஆனால் பனிக்கட்டியில் போட்டு வருகிற மீனில் சரம் உடைந்துபோவது சகஜம், பாதிக்குப் பாதி உடைந்துதான் கிடைக்கும், அதனால் சரம் இல்லையே என்று யாரும் மலைப்பதில்லை. அவரும் மலைக்கவில்லை. 'முட்டைச்சரங்கள் உடைந்துவிட்டன' என்று எழுதினார். இல்லை என்று எழுதவில்லை, உடைந்துவிட்டன என்று எழுதினார். உடையவில்லையே, என் ராசா, அதற்கு இன்னும் வரவே இல்லையே. உருவம் சிறிது என்று எழுதினார், சிறிதாகத்தானே இருக்கும். இடுப்பு ஒடுங்கியது என்று எழுதினார், முட்டை பிடிக்காத இடுப்பு ஒடுங்கித்தானே இருக்கும். முள் மூன்று என்று எழுதினார். வேறு யாராவது ஒரு மாணவன் கொண்டுவந்து காட்டியிருந்தால் அந்த நிமிஷமே, "ஏல, இது குஞ்சுல்லா" என்று தலையில் தட்டியிருப்பார். கடைசித் தோலை உரிக்காத குஞ்சு, இன்னும் ஒரு தோல் உரித்தால் நாலாவது முள் வந்துவிடும், எல்லாரையும் போல ஆகிவிடும். சின்னப் பிள்ளையைப் பார்த்து வளர்ந்த ஆள் என்று எழுதிவிட்டார். அந்த வருஷம் அந்தக் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நூறு கோளாறு எனக்குத் தோன்றுகிறது அவரிடம், சாப்பாட்டில், பிடிவாதத்தில், பேசாமல் இருந்தே ஆளைக் கொல்வதில், ஆனால் இந்தக் கோளாறுக்கு அவரை என்ன சொல்ல. பேர் வைக்கிற விதி ரொம்பச் சுலபமானது, முதலில் வைத்த பேர்தான் நிற்கும், இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால் பின்னால் வைத்த பேர் அதற்குள் அமுங்கிப்போகும். இந்த மேஜையில் உட்கார்ந்து எத்தனை பேர் வைத்த எத்தனை பேர்களை நானே அமுக்கியிருக்கிறேன், ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன், அந்தப் பேர்களெல்லாம் யார் யாருடைய பிள்ளைகளோ.

இன்னொரு தடவை பார்க்கிறேன். அவருக்காக இல்லை, அதற்காக. காலை விட்டுவிட்டு முழு உடம்பையும் பார்க்கிறேன். தோல் முதுகில் லேசாக விரிந்து, உள்ளே இருக்கிறது வெளியே வரத் தயாராக, கால்களையெல்லாம் ஒடுக்கிவைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கடலில் எங்கோ, மாலத்தீவுக்கு அந்தப் பக்கமோ எங்கோ, தூண்டிலில் சூரை மாட்டிக்கொண்ட அந்த நேரத்தில் இது சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கழற்றி முடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள், குஞ்சும் இருக்கிறது, வளர்ந்ததும் இருக்கிறது. இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம், என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் அறை முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். ஊசியைக் கீழே வைத்துவிடுகிறேன். உரிக்கமாட்டேன். அதை உரிக்க எனக்கு மனசு வராது. போன் அதிருகிறது, மேஜை மேலேயே அதிர்ந்துகொண்டு பென்சில் பக்கம் நகர்ந்து போகிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கொஞ்சம் விட்டால் விழுந்துவிடும், எடுக்கிறேன்.

"பிரிசி."

"சொல்லுங்க."

"பாத்தியா?" பின்னால் ரேடியோவில் செய்தி முடிந்து விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. "தெளிஞ்சிருச்சா? மூணுதான?"

"மேல மூணு" என்றேன். என் குரல் என் காதுக்கே நன்றாகத் தெளிவாகக் கேட்டது.

"மேலன்னா?"

"மேல் தோல்ல மூணு. உள்ள இன்னொரு தோல் இருக்கு. அதுல நாலு."

ரேடியோ நின்றது. அவர்தான் அணைத்திருக்க வேண்டும், அவர் கை போகிற தூரத்தில்தான் இருக்கும்.

"குஞ்சா?"

"குஞ்சுதாங்க. தோலு உரிக்கையில மீனு மாட்டிருச்சு போல."

"அப்ப முட்டைச்சரம் உடையல."

"உடையல. இன்னும் வரவே இல்ல."

"ரெண்டும் குஞ்சுதான் அப்ப. அந்த ரெண்டும்." ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். "பச்சைப் பிள்ளையப் பாத்துட்டுப் பெரிய ஆளுன்னு எழுதி வச்சிருக்கேன் பாரு." சிரித்தாரா என்று தெரியவில்லை. "சரி. எழுதிரு. பழைய பேருதான் நிக்கும். நம்மத அதுக்குள்ள போட்டுரு."

"எழுதுதேன்."

"நீயே எழுது. வேற ஆளு எழுத வேண்டாம்."

"நாந்தான் எழுதுவேன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பிரிசி, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியே." நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "அமலி மொகம் எனக்கு வரமாட்டேங்கு."

அந்தப் பேர் அந்த வீட்டிலிருந்து தனியாக வந்து என் காதில் விழுந்தது.

"கண்ணு போகையில நல்லா இருந்துச்சு. கொஞ்ச நாளா வரல. நெனச்சா அந்தப் படந்தான் வருது, நான் வரைஞ்சது, அந்தப் பேனு. அது மட்டும் நல்லாத் தெரியுது, ஒவ்வொரு புள்ளியும் தெரியுது. பிள்ள மொகம் வரல. அதுவாவது நெசமா இருந்துட்டா போதும்னுதான் உன்ன இம்புட்டு நாளும் பாரு பாருன்னு படுத்துனேன். ஒங்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு. பெத்த அப்பனுக்கு மொகம் மறந்துட்டுன்னு எப்படிச் சொல்ல?" நான் அழுதேன், சத்தம் வராமல், ஆனால் அவருக்குக் கேட்டிருக்கும். "நீ சொல்லு. எப்படி இருந்தா? வரிசையாச் சொல்லு. தலையிலேர்ந்து."

தலையிலிருந்துதான் தொடங்குவோம் நாங்கள், எந்த உயிரானாலும், தலை, பிறகு உடம்பு, பிறகு கால்கள். மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். இசக்கியம்மாள் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனது தெரிந்தது.

"நெத்தி அகலம்" என்றேன். "உங்க நெத்தி. இடது புருவத்துல ஒரு தழும்பு, உங்க மேஜை முனையில இடிச்சது."

"எத்தனை தையல்?"

"ரெண்டு. கண்ணு பெரிசு. கறுப்பு இல்ல, வெயில்ல பாத்தா பழுப்பு. மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி. அது வழியாத் தண்ணி பீச்சுவா."

"ஆமா" என்றார். "ஆமா. எம்மேல பீச்சுவா. காது?"

"ஒட்டுன காது. வலது காது மடல்ல ஒரு மச்சம்."

"முடி?"

"சுருட்டை. தோள் வரைக்கும். சீப்பு போகாது."

அவர் முனகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், அந்தக் காலத்தில் நான் லென்ஸில் பார்த்துச் சொல்லச்சொல்ல அவர் எழுதுவாரே அதே மாதிரி, ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கி வைத்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. நான் விட்டுப்போன ஒன்றை அவர்தான் கேட்டார்.

"தலையில பேன் உண்டா?"

"உண்டு" என்றேன். "நெறைய உண்டு."